ஒன்றே முக்கால் அங்குலத்துக்காக ஒரு ஜாக் பிளேட்

பெட்டியைப் பிரித்ததும் என் மைத்துனர் கேட்ட முதல் கேள்வி: “இந்த இரண்டு இரும்புத் துண்டுகளுக்கா இவ்வளவு செலவு செய்தாய்?” இரும்பல்ல, அலுமினியம் என்று திருத்தினேன். அதற்குமேல் சொல்ல அன்று என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு பருவம் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு இப்போது பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதில்.

ஜாக் பிளேட் என்பது படகின் பின்பலகைக்கும் அவுட்போர்டு மோட்டாருக்கும், அதாவது படகுக்கு வெளியே தொங்கும் மோட்டாருக்கும், நடுவே பொருத்தும் தாங்கி. ஒரு பாதி பலகையோடு இறுகி நிற்கும். மோட்டாரைச் சுமக்கும் மறுபாதி மேலும் கீழும் நகரும். நான் வாங்கியது ஹைட்ராலிக் அல்ல, ஸ்பேனரால் திருகி உயர்த்தும் எளிய வகை. மோட்டாரை ஐந்தரை அங்குலம் பின்னுக்குத் தள்ளுகிறது. எடை எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல். என்னுடையது 14 அடி நீளக் கண்ணாடியிழைப் படகு, ஆழமான வி வடிவ அடிப்பாகம், 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் மோட்டார். பந்தயப் படகு இல்லை. ஆனால் இரண்டு பேர் ஏறினால் போதும், சீறிக்கொண்டு கிளம்பும்.

எதற்காக இதை மாட்டுகிறார்கள்? வேகமாக ஓடும்போது மோட்டாரின் கீழ்ப்பாகம், அதாவது கியர்ப்பெட்டியும் அதன் மேலுள்ள தண்டும், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. வேகம் இரட்டித்தால் இந்த இழுவை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே தண்ணீருக்குள் இருக்கும் பகுதியைக் குறைப்பதுதான் கிடைப்பதிலேயே மலிவான குதிரைத்திறன். ஆனால் மோட்டாரை அப்படியே உயர்த்தினால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சிக்கொண்டு வெறுமனே சுழலும். பின்பலகையைத் தாண்டியதும் தண்ணீர் மெல்ல மேலெழுகிறது. மோட்டாரை அந்த இடத்துக்குத் தள்ளிவிட்டால், உயர்த்திய பிறகும் புரொப்பெல்லருக்குக் கெட்டியான தண்ணீர் கிடைக்கிறது. தத்துவம் இவ்வளவுதான்.

பொருத்துவதற்கு முன் என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த கணக்கு இது: 13 அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) கொண்ட அலுமினியப் புரொப்பெல்லர், கியர் விகிதம் 1.83 (இயந்திரம் 1.83 சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று), முழுத் திராட்டிலில் நிமிடத்துக்கு 5800 சுற்று, ஜிபிஎஸ் காட்டிய வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர். சுற்றுகளைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, வந்ததை 656ஆல் வகுத்தால், வழுக்கலே (புரொப்பெல்லர் தண்ணீரில் நழுவி வீணாக்கும் தூரம்) இல்லாதபோது படகு எவ்வளவு ஓட வேண்டும் என்று கிலோமீட்டரில் தெரியும். எனக்கு 62.8 வந்தது. அதாவது 14 சதவீதம் வழுக்கல். இதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் ஜாக் பிளேட் வாங்குகிறவர்கள், பிறகு அது உதவியதா இல்லையா என்று ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பொருத்தும் வேலையில் எரிச்சல் உண்டு. உடன் வந்த அரை அங்குலப் போல்ட்டுகள் தடித்த பின்பலகைக்கு நீளம் போதவில்லை. நட்டுக்கு வெளியே மரை தெரியவே இல்லை. கடைசி மரைவரை நட்டு கவ்வாத போல்ட்டில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட மோட்டாரைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை, வேறு வாங்கினேன். அலுமினியத்துக்குள் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போகும் இடங்களில் பூச வேண்டிய அரிப்புத் தடுப்புப் பசையைப் பற்றி விளக்கத் தாளில் ஒரு வரிகூட இல்லை. உப்புநீரில் அந்தப் பசை இல்லாமல் விட்டால், அடுத்த முறை கழற்றும்போது போல்ட்டும் தட்டும் ஒன்றாகிப் போயிருக்கும். ஸ்டீயரிங் கேபிளும் ஐந்தரை அங்குலத்துக்கு இழுபட்டு, முழுத் திருப்பத்தில் முறுக்கியது. நீளமான கேபிள் மாற்ற வேண்டியிருந்தது. உயரத்தைக் காட்டும் அளவுகோல் வெறும் ஸ்டிக்கர். இரண்டாவது மாதமே உரிந்து போய்விட்டது. இப்போது ஆணியால் கீறிய கோடுகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். உரியாது என்பது அதன் பெருமை.

இதெல்லாம் போக, உலோக வேலை குறை சொல்ல முடியாதது. நகரும் பாதியில் ஆட்டமே இல்லை. 19 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று போதும். பக்கவாட்டுப் போல்ட்டுகள் நான்கைத் தளர்த்தி, நடுத் திருகைச் சுற்றி, மறுபடி இறுக்கப் பத்து நிமிடம்.

முதல் நாள் ஓட்டியபோது ஏமாற்றம்தான். மோட்டார் பின்னுக்குப் போனதால் கிளம்பும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்த்தது. படகு தண்ணீரின் மேல் எழுந்து ஓட முன்பைவிட ஒன்றரை விநாடி கூடுதலாக எடுத்தது. வேகத்தில் ஓங்கில் (டால்பின்) போல் துள்ளவும் தொடங்கியது. பேட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் முன்பக்கம் நகர்த்திய பிறகுதான் அடங்கியது. இந்தச் செலவையும் உழைப்பையும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அதன் பிறகு சிறிது சிறிதாக உயர்த்தினேன். மோட்டாரில் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும், கேவிடேஷன் பிளேட் என்று சொல்லும் தட்டை, படகின் அடிக்கோட்டுக்குச் சமமாக வைத்துத் தொடங்கினேன். ஒரு அங்குலத்தில் வேகம் தெளிவாகக் கூடியது. ஒன்றே முக்காலில் 6000 சுற்றும் 58.5 கிலோமீட்டரும் கிடைத்தன; வழுக்கல் 10 சதவீதத்துக்கு இறங்கியது. இரண்டே கால் அங்குலத்தில் நேர்க்கோட்டில் இன்னும் அரைக் கிலோமீட்டர் கிடைத்ததென்னவோ உண்மை. ஆனால் திருப்பத்தில் புரொப்பெல்லர் பிடி விட்டுவிட, இயந்திரம் ஓலமிட்டது, படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி ஒன்றே முக்காலுக்கே வந்தேன்.

வேகத்தைவிட முக்கியமான ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர், கியர்ப்பெட்டியின் பக்கத்திலுள்ள துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. மோட்டாரை உயர்த்தினால் அந்தத் துளைகளும் உயர்கின்றன. மோட்டாரின் பின்புறம் பீச்சும் மெல்லிய தண்ணீர்த் தாரையைப் பார்த்துத் திருப்தி அடைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். அழுத்தம் பாதியாகக் குறைந்த பிறகும் அந்தத் தாரை அழகாகப் பீச்சிக்கொண்டே இருக்கும். ஜாக் பிளேட்டோடு நான் வாங்கிய நீரழுத்த மானியில், முழு வேகத்தில் முதலில் 15 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) இருந்தது. ஒன்றே முக்காலில் 11. இரண்டே காலில் முள் 6க்கு விழுந்து நடுங்கியது. தாரையோ மூன்றிலும் ஒரே மாதிரி. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மானியை வாங்குங்கள், தட்டு பிறகு வரட்டும்.

சுற்று 6000ஐத் தொட்டுவிட்டதால் புரொப்பெல்லரையும் மாற்ற வேண்டி வந்தது. என் மோட்டாரின் கையேடு முழுத் திராட்டிலுக்குச் சொல்லும் வரம்பு 5500 முதல் 6000 வரை; தனியாக ஓட்டினால் அதையும் தாண்டிவிடும். பிட்சில் ஒரு அங்குலம் கூட்டினால் பொதுவாக 150 முதல் 200 சுற்று குறையும். 14 அங்குலப் பிட்சில் துருப்பிடிக்காத எஃகில் ஒன்று போட்டேன். இதழ்களின் பின்விளிம்பு லேசாக உட்பக்கம் வளைந்தது. உயர்த்திய மோட்டாருக்கு இந்த வளைவு அவசியம், அதுதான் நுரைத்த தண்ணீரையும் கவ்விப் பிடிக்கிறது. 5850 சுற்று, 61.5 கிலோமீட்டர். தொடங்கிய இடத்திலிருந்து ஏழரைக் கிலோமீட்டர் கூடுதல், அதே இயந்திரத்தில். அதில் தட்டின் பங்கு நாலரை; மீதி புரொப்பெல்லருடையது.

ஆனால் அந்த ஏழரைக் கிலோமீட்டரோடு ஒரு விருந்தாளியும் வந்தார். 57ஐத் தாண்டியதும் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. முதலில் தாலாட்டுபோல, பிறகு ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக. வேகப்படகுக்காரர்கள் இதைச் சைன் வாக் என்கிறார்கள். படகு உயர்ந்து எழும்போது தண்ணீரைத் தொடுவது வி வடிவத்தின் கூர்மையான குறுகிய பகுதி மட்டும். கத்தி முனையில் நிற்பதுபோலத்தான். புரொப்பெல்லரின் முறுக்கம் ஒரு பக்கம் சாய்க்கிறது, ஓட்டுபவர் திருத்துகிறார், அது மறுபக்கம் சாய்கிறது. தட்டின் மேல் பழிபோட்டு இரண்டு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் வேறு. படகை நிறுத்தி, மோட்டாரைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது, ஸ்டீயரிங் சக்கரம் அசையாமலேயே மோட்டார் இரண்டு விரல் அகலம் ஆடியது. கேபிள் புதிது, ஆனால் அதை மோட்டாரோடு இணைக்கும் மூட்டு தேய்ந்திருந்தது. பழைய வேகத்தில் அந்தத் தேய்மானம் தெரியவே இல்லை. மூட்டை மாற்றியதும் ஆட்டத்தில் முக்கால்வாசி போய்விட்டது. மீதியைக் கையால் அடக்கப் பழக வேண்டும்: ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சக்கரத்தில் மிகச் சிறிய திருத்தம், தொடங்கிவிட்டால் திராட்டிலைச் சற்றே தளர்த்துவது. ஆட்டத்தைத் துரத்திப் பிடிக்க நினைத்தால் அது நம்மைத்தான் பிடிக்கும்.

ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுப்பதும் கூடியிருக்கிறது. அந்த இழுப்பைச் சமன்செய்யக் கேவிடேஷன் பிளேட்டின் அடியில் ஒரு சிறு துடுப்பு உண்டு; மோட்டார் உயர்ந்ததும் அது முழு வேகத்தில் தண்ணீருக்கு வெளியே சும்மா நிற்கிறது. ஒரு மணிநேரம் ஓட்டினால் தோள் வலிக்கும்.

டிரிம், அதாவது மோட்டாரின் சாய்வைப் பொத்தானால் மாற்றுவது, அந்த விஷயத்தில் நான் பட்டதையும் எழுதிவிடுகிறேன். கிளம்பும்போது மோட்டாரை முழுக்க உள்ளே இழுத்துக்கொள்வது; படகு எழுந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது; சுற்று ஏறி வேகம் ஏறாத இடம் வந்தால் ஒரு பொட்டு திரும்பி வருவது. இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு நாள் 55இல் படகு துள்ளியது. அடக்குவதற்காகப் பொத்தானை அழுத்தினேன், விரலை எடுக்க ஒரு விநாடி தாமதித்துவிட்டேன். மோட்டார் முழுக்க உள்ளே போய்விட்டது. அணியம் கீழே இறங்கித் தண்ணீரில் குத்திக்கொண்டது. பதற்றத்தில் திராட்டிலையும் சட்டென்று விட்டேன், அது இன்னும் கேடு. முன்பகுதி சுக்கானாக மாற, பின்பகுதி சுழன்று முன்னால் வந்தது. நான் இருக்கையிலிருந்து வழுக்கிப் பக்கச் சுவரில் மோதினேன். மணிக்கட்டில் மாட்டியிருந்த நிறுத்துக் கயிறு இழுபட்டு இயந்திரம் அணைந்தது. அந்த அமைதியில் மைத்துனர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. இருவருக்கும் காயமில்லை. தட்டின் மேல் இதில் குற்றமில்லை, ஆனால் அது பின்னுக்குத் தள்ளிய எடைதான் அந்தத் துள்ளலை எளிதாக்கியது என்பதையும் மறைக்க மாட்டேன்.

யாருக்கு இது வேண்டாம் என்று கேட்டால், நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு நிதானமாக ஓட்டுகிறவருக்கு வேண்டாம். கிளம்பும் வேகம் குறைவதுதான் அவருக்கு மிச்சம். அலை அதிகமுள்ள தண்ணீரிலேயே ஓட்டுகிறவருக்கும் வேண்டாம், ஒவ்வொரு அலையிலும் புரொப்பெல்லர் பிடி விடும். தனியாகவோ ஒருவரோடோ, சமதண்ணீரில், நோட்டும் ஸ்பேனருமாக மாலைகளைக் கழிக்க விரும்புகிறவருக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருவேன். ஒரு நட்சத்திரம் குறைவது குட்டைப் போல்ட்டுகளுக்கும் அந்த ஸ்டிக்கருக்கும்.

மைத்துனர் இப்போதும் வருகிறார். செலவைப் பற்றிக் கேட்பதில்லை. ஏறும்போது என் மணிக்கட்டைப் பார்க்கிறார். கயிறு இருக்கிறதென்று தெரிந்த பிறகுதான் உட்காருகிறார்.