மவுண்ட்டா, புது ஸ்கோப்பா, பீப் சைட்டா? குறி நிற்காத ஏர் ரைபிளுக்கு எது முதலில்

"நேத்து சரியா சீரோ வச்சேன், இன்னைக்கு ரெண்டு விரல் தள்ளி அடிக்குது." தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரை ஏர் ரைபிள் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. (குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைப்பதுதான் சீரோ.) உடனே பழி, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் மேல் விழும். இருப்பதை விற்றுவிட்டு இன்னும் பெரிய, இன்னும் கனமான ஸ்கோப் ஒன்றை வாங்குவார்கள். குறி மறுபடியும் நகரும்.

இது காகித இலக்கில் சுடுபவர்களுக்கான அலசல். தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று பறவைகள் சரணாலயங்கள் நிறைந்தது நம் ராமநாதபுரம் மாவட்டம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. கொக்கைக் குறிவைப்பவருக்கு இங்கே சொல்ல எதுவும் இல்லை.

கையில் இருக்கும் வழிகள் மூன்று: ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் மவுண்ட்டை மாற்றுவது, ஸ்கோப்பை மாற்றுவது, ஸ்கோப்பே வேண்டாம் என்று சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்டுக்குப் போவது. சுருள்வில் விசையில் பிஸ்டனைத் தள்ளிச் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் என் ஓட்டு முதலில் மவுண்ட்டுக்குத்தான். விலையும் மூன்றில் அதற்குத்தான் பெரும்பாலும் குறைவு.

காரணம் அந்தத் துப்பாக்கி உதைக்கும் விதம். உள்ளே பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு வரும். பிஸ்டன் போய் முட்டி நின்றதும் துப்பாக்கி வெடுக்கென்று முன்னே தாவும். அந்தத் தாவலில் ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு குண்டுக்கும் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நழுவும். ஸ்கோப் கனமாக இருந்தால் நழுவலும் கூடும். ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு தனித்தனி ரிங்குகளைவிட ஒரே துண்டாக வரும் மவுண்ட் இங்கே நன்றாகப் பிடிக்கும். அதிலும் நழுவாமல் தடுக்கும் முளையான ஸ்டாப் பின் இருக்க வேண்டும், துப்பாக்கியின் மேல் அந்தப் பின் இறங்கும் துளையும் இருக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்து வைத்த அழுத்தக் காற்றில் சுடும் பி.சி.பி. துப்பாக்கியில் உதை மிகக் குறைவு என்பதால், அதற்குச் சாதாரண ரிங்கே போதும்.

இதோடு நம் ஊர் உப்புக்காற்று சேர்கிறது. உலோக அரிப்பைச் சோதிக்க ஆய்வாளர்கள் நம் கடற்கரை ஊரான மண்டபத்தைத் தேடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அலுமினிய ரிங்கில் எஃகுத் திருகு, நடுவில் உப்பு ஈரம் என்றால் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், பிடி தளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மவுண்ட்டைக் கழற்றுங்கள். பிடிக்கும் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். திருகில் அது தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு, மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குங்கள். ரிங் மூடித் திருகுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்வது பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். மூச்சைப் பிடித்து முடுக்கினால் குழாய் நசுங்கும். எண்ணெய் பூசுவதானால் எல்லாம் முடிந்தபின் வெளிப்புறத்தில் மட்டும்.

ரிங்கும் ஸ்கோப் குழாயும் சேரும் இடத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். மவுண்ட்டும் துப்பாக்கியும் சேரும் இடத்திலும் ஒன்று. ஐம்பது குண்டுக்குப் பிறகு கோடு பிரிந்திருந்தால் குற்றவாளி மவுண்ட். கோடு அசையாமல் குறி மட்டும் அலைந்தால்தான் ஸ்கோப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்போதும் உடனே தூக்கிப் போடாதீர்கள். ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் குமிழ்களை (டரட்) மேலே 20 கிளிக், வலது 20, கீழே 20, இடது 20 திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் சுட்டுப் பாருங்கள். கடைசிக் குண்டுகள் தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் உள்ளிருக்கும் பொறி நலம். கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு எம்.ஓ.ஏ.) கிளிக் 10 மீட்டரில் சுமார் 0.7 மி.மீ. மட்டுமே நகர்த்தும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மேல் டரட்டை அதன் எல்லைவரை திருகி வைத்திருந்தால், உள்ளே குழாயைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்து குறி தானாக அலையும். குழலை மடக்கித் திறக்கும் பிரேக் பேரல் துப்பாக்கிகளில், குழல் சற்றுக் கீழே சாய்ந்திருந்தால் இது சகஜம். அங்கே தேவை சாய்வை ஈடுகட்டும் மவுண்ட். புது ஸ்கோப் அல்ல.

உண்மையிலேயே ஸ்கோப்பை மாற்றும் நிலை வந்தால், வேட்டை ரைபிளுக்கென்று செய்ததை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். அவை பெரும்பாலும் பின்னோக்கிய உதையை மட்டும் எண்ணிச் செய்தவை. கண் விலகினாலும் குறி விலகாத தூரத்தை முடிவு செய்யும் பாரலாக்ஸ் அமைப்பும் வழக்கமாக 100 கெஜத்துக்கு இருக்கும். 10 மீட்டரில் கண் சற்று விலகினாலே இலக்கில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தள்ளிப் போகும், பார்ப்பவருக்கு சீரோ நகர்ந்த மாதிரியே தெரியும். 10 கெஜம்வரை பாரலாக்ஸ் சரிசெய்யக்கூடிய, ஸ்பிரிங் துப்பாக்கியைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லும், கனம் குறைந்த ஸ்கோப்தான் வேண்டும்.

பீப் சைட்டில் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை. லென்ஸ் இல்லை, கனம் இல்லை. பிள்ளை போட்டிக்குப் போக ஆசைப்பட்டால் யோசிக்கவே வேண்டாம்: உலகத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. ஆனால் 25, 30 மீட்டரில் சிறு தகரத்தைத் தட்டி மகிழ்பவருக்கு அது ஈடாகாது.

மூன்றுமே தீர்க்காத கோளாறும் உண்டு. பிரேக் பேரலின் கீல் போல்ட் ஆடினால், மேலே எதைப் பூட்டினாலும் குறி நிற்காது. துப்பாக்கியை மூடியபின் குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். துளி அசைவு இருந்தால்கூட முதலில் அந்த போல்ட்டை முடுக்குங்கள். அதுவரை மவுண்ட்டுக்கும் செலவு வேண்டாம்.