பைத்தானில் பத்து ஆண்டுகள்: பெயர் ஒன்று, மாறி எது?

பத்து ஆண்டுகளாக அன்றாட வேலைக்குப் பைத்தான் என்ற நிரல்மொழிதான். இதைவிட இதமான மொழி எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் ஒரு பெயர் எந்த மாறியை (மதிப்பை வைத்திருக்கும் இடத்தை) குறிக்கிறது என்று அது முடிவு செய்யும் விதம் நெடுநாள் என்னை அலைக்கழித்தது.

கோப்பின் தொடக்கத்தில் 'எண்ணிக்கை' என்றொரு மாறி. ஒரு செயற்கூறுக்குள் (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டுக்குள்) அதை அச்சிட்டுவந்தேன். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் அதே செயற்கூறின் கடைசியில், அந்த மாறியோடு ஒன்றைக் கூட்டும் வரியைச் சேர்த்தேன். பிழை வந்தது. புதிய வரியில் அல்ல, மேலே இருந்த அச்சிடும் வரியில்! மாலை முழுவதும் தவறான இடத்தில் தேடினேன். செயற்கூறுக்குள் எங்கேனும் ஒரு பெயருக்கு மதிப்பு இட்டால், அது அந்தச் செயற்கூறு முழுவதற்கும் உள்ளமை மாறியாகிவிடும், அதாவது அதற்குள் மட்டுமே இருக்கும் தனி மாறி; ஓடும்போது அல்ல, தொகுக்கும்போதே இது தீர்மானமாகிவிடுகிறது. அச்சிடும் வரியில் அதற்கு இன்னும் மதிப்பே இல்லை. கோப்பின் மாறியையே சொல்கிறேன் என்று உணர்த்த 'குளோபல்' என அறிவித்ததும் சரியானது. அதுவே ஒரு பட்டியலாக இருந்து, அதில் ஓர் உறுப்பைச் சேர்த்திருந்தால் எந்தப் பிழையும் வந்திருக்காது. அங்கே பெயருக்குப் புதிய மதிப்பு இடப்படுவதில்லை.

பழைய பைத்தான் 2.7 நிரல்களில், வெளிச் செயற்கூறின் எண்ணை அதனுள் எழுதிய இன்னொரு செயற்கூறிலிருந்து மாற்றுவதற்காகவே அதை ஓருறுப்புப் பட்டியலில் பொதிந்து வைத்திருப்பார்கள். 2008இல் வந்த 3.0 பதிப்பின் 'நான்லோக்கல்' என்ற அறிவிப்பு அந்தச் சுற்றுவழிக்கு முடிவுகட்டியது.

என்னை உண்மையிலேயே வருத்தியது லாம்டா என்னும் பெயரில்லாச் சிறு செயற்கூறு. மடக்குக்குள் (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதிக்குள்) ஐந்து பொத்தான்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு லாம்டாவைக் கொடுத்தேன். எதை அழுத்தினாலும் ஐந்தாவதன் வேலையே நடந்தது. லாம்டா நினைவில் வைப்பது மாறியை. உருவான கணத்தின் மதிப்பை அல்ல. அழைக்கும்போது மடக்கு முடிந்து, கடைசி மதிப்பே மிஞ்சியிருக்கும். மாறியை லாம்டாவின் முன்னியல்பு அளபுருவாக (அழைப்பவர் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் உள்ளீடாக) கொடுத்தால் அப்போதைய மதிப்பு தங்கிவிடும். பிழைச்செய்தி ஏதுமின்றித் தவறான விடை தருவதுதான் இதில் கொடுமை. முதல் சிக்கலாவது உரக்கக் கத்துகிறது.

3.11 பதிப்பில் அந்த முதல் சிக்கலின் பிழைச்செய்தியைத் திருத்தி எழுதினார்கள். உள்ளமை மாறிக்கு மதிப்பு இல்லை என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அதை உள்ளமை ஆக்கிய வரி எது என்று இன்னும் காட்டுவதில்லை. புதியவர்களுக்குத் தேவை அந்த ஒற்றை வரி எண்தான். இப்போதெல்லாம் செயற்கூறுக்கு வேண்டியதை அளபுருவாகவே அனுப்புகிறேன். 'குளோபல்' எழுதி நாளாயிற்று.