சபா அரங்கமா, திறந்தவெளியா? ஆயிரம் பேர் கச்சேரிக்கு எது தாங்கும்

சென்னையில் சினிமாப் பாட்டை நம்பாத ஒரு பேண்டை வைத்து, பெரிய ஸ்பான்சர் இல்லாமல், ஆயிரம் பேருக்குள் டிக்கெட் கச்சேரி போடுகிறவர்களுக்கு இரண்டு வழிதான்: சபா மாதிரி மூடிய அரங்கம், அல்லது மைதானம். நாங்கள் அரங்கத்துக்குப் போனோம். அடுத்த கச்சேரிக்கும் அங்கேதான்.

மைதானத்தில் ஜனம் நின்று ஆடும், அரங்கத்தில் நாற்காலி தடுக்கும். மைதான வாடகை குறைவு, அரங்க வாடகை கூடுதல். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மைதான வாடகை வெறும் மண்ணுக்கு. மேடை, விளக்கு தொங்கவிடும் இரும்புச் சட்டமான டிரஸ், அடுக்கடுக்காகத் தொங்கும் ஸ்பீக்கர் வரிசையான லைன் அரே, தடுப்பு, நடமாடும் கழிப்பறை, ஆம்புலன்ஸ், 125 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று, அது மக்கர் பண்ணினால் மாற்று ஒன்று என எல்லாமே லாரியில் வந்து இறங்க வேண்டும்.

சத்தத்தின் கணக்கும் மைதானத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பகலிலும், இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75, இதில் எது குறைவோ அதுதான் உச்சம். குடியிருப்புப் பகுதி வரம்பு 55 என்பதால் அங்கே 65தான். தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கரிலிருந்து 20 மீட்டரில் 95 இருந்தால், 65க்கு இறங்க 640 மீட்டர் போக வேண்டும். சுற்றிலும் அத்தனை காலி இடம் ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே அரிது.

ஆனாலும் முடிவைத் தீர்மானிப்பது சத்தமல்ல, மழை. நனைவது ஒரு பக்கம் இருக்கட்டும். நின்றுபோன கச்சேரிக்குக் கொடுத்த பணத்தில் எது திரும்பி வரும் என்று பாருங்கள். சவுண்ட்காரர் பாதி அட்வான்ஸ் வாங்கியிருப்பார். லாரி குடோனை விட்டுக் கிளம்பிவிட்டால் மீதியும் அவருக்குத்தான். கலைஞர் அட்வான்ஸ், விமான டிக்கெட், மேடை போட்ட கூலி, அனுமதிக் கட்டணம் எதுவும் திரும்பாது. டிக்கெட் தளங்களோ வசூலை வழக்கமாக நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் தருகின்றன. அதனால் இத்தனையும் கைக்காசு. நிகழ்ச்சி ரத்தானால் வசூல் அப்படியே ரசிகர்களுக்குப் போய்விடும். நம் கையில் பில்கள் மட்டும்.

அதற்கு அடைமழை வேண்டாம். மாலை நாலு மணிக்கு இருபது நிமிடத் தூறல் போதும். ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயர் ரேக்குக்கும் தார்ப்பாய் போர்த்துவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரேக்கை இறுக்கி மூடினால் சூட்டில் அணையும். தரையில் கிடக்கும் கேபிள் இணைப்புகளில் ஈரம் ஏறினால், மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபி விழுந்து மேடை முழுக்க இருட்டாகும். அதை பைபாஸ் பண்ணச் சொல்லி யாராவது ஒருவர் நிற்பார். ஒப்பவே கூடாது, மைக்கைப் பிடித்திருப்பது மனிதன். இணைப்புகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, உலர்த்தி, லைன் லைனாக ஏற்றிப் பார்ப்பதற்குள் சவுண்ட் செக் நேரம் போய்விடும்.

'மழை இல்லாத மாதத்தில் வைத்தால்?' அந்த மாதங்களை எண்ணிப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழை. மார்ச், ஏப்ரல் பரீட்சை. மே மாதம் வெயில். 2023 ஆகஸ்டில் ஏ. ஆர். ரஹ்மானின் ஈசிஆர் கச்சேரியே மழையால் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. மிஞ்சுவது பொங்கல் கழிந்து ஒன்றரை மாதம். அது தை, மாசி முகூர்த்த காலம். ஜெனரேட்டரும் பந்தல்காரரும் கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள். அரங்கத்திலோ டிசம்பரில்தான் இடம் கிடைப்பது கஷ்டம், கச்சேரி சீசன்.

வரியும் இதோடு சேர்கிறது. டிக்கெட் 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. மேலே போனால் 18 சதவீதம். 599 ரூபாய் டிக்கெட்டில் வரி போகக் கையில் நிற்பது சுமார் 508. அதாவது 499 டிக்கெட்டைவிட ஒன்பது ரூபாய்தான் கூடுதல். ஆனால் வரியில்லாத டிக்கெட் விற்றால், சவுண்டுக்கும் மேடைக்கும் நாம் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ள முடியாது. மைதானத்தில் வாடகைச் சாமான் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நஷ்டம். ஆறு லட்சத்துக்கு எடுத்தால் 1,08,000 ரூபாய் போயிற்று.

அரங்கத்திலும் தலைவலி உண்டு. பல சபாக்களின் ஸ்பீக்கர் குரலுக்கும் மிருதங்கத்துக்கும் வைத்தது. பேஸ் கிடாரும் டிரம்ஸும் வந்தால் அடிநாதம் காணாமல் போகும். அடிநாதத்துக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டு மட்டும் வாடகைக்கு எடுத்து, டிரம்ஸுக்கு முன்னால் அக்ரிலிக் தடுப்பு வைத்து, கலைஞர்கள் தங்கள் இசையைக் கேட்க வைக்கும் மேடை மானிட்டருக்குப் பதில் காதில் மாட்டும் இயர் மானிட்டர் கொடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். விளக்கையும் சவுண்டையும் ஒரே ஃபேஸில் போட்டால், விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும்.

பறை, கானா என்று ஜனம் உட்காரவே கூடாத இசைக்கு அரங்கம் பொருந்தாது. அங்கே மைதானத்தையே யோசிக்கலாம், செலவை ஸ்பான்சர் ஏற்றால் மட்டும். மூவாயிரம், நாலாயிரம் பேர் என்றால் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அரங்கத்துக்கு அட்வான்ஸ் கட்டும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: சாமான் இறக்க எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், அவர்கள் ஜெனரேட்டர் மேடை பிளக்குக்கும் மின்சாரம் தருமா, புயல் எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருவார்களா.