கோழிப்பண்ணையில் கிராஃபீன் அம்மோனியா சென்சார்: ஆறு மாதம் மாட்டிப் பார்த்ததில்

நாமக்கல் பக்கம் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தால் எருவிலிருந்து கிளம்புகிற அம்மோனியா கண்ணைக் கரிக்கும், பத்து நிமிஷத்தில் ஒன்றுமே தெரியாது. வாடை போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். போன ஐப்பசி மழையில் எரு ஊறிப்போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற அக்கா வந்து, "தம்பி, கொழந்த ராத்திரியெல்லாம் இருமுதுங்க, நாத்தம் தாங்க முடியறதில்லீங்க" என்று சொன்னபோது எனக்கு நிஜமாகவே கஷ்டமாகிவிட்டது. கார்த்திகையில் இந்த கிராஃபீன் சென்சாரை வாங்கினேன், ஒன்பதாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயர் வேண்டாம்.

முன்பு வைத்திருந்தது எலக்ட்ரோகெமிக்கல் மீட்டர். அம்மோனியா பட்டுக்கொண்டே இருந்தால் அதன் செல் சீக்கிரம் தீர்ந்துவிடும், எங்களுக்கு ஒரு வருஷம்கூட உருப்படியாக வரவில்லை. இது வேறு வகை. பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டை ஒரே அணு கனத்துக்கு உரித்தால் கிராஃபீன். 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுகிற டேப்பை வைத்தே உரித்தார்கள், 2010இல் அதற்கு நோபல் கிடைத்தது. அதில் எல்லா அணுவும் வெளியிலேயே இருப்பதால் வாயு வந்து ஒட்டினதும் மின்தடை மாறிவிடும். அம்மோனியா எலக்ட்ரானைக் கொடுக்கும், தடை ஏறும். புகையில் வருகிற நைட்ரஜன் டை ஆக்ஸைடு எலக்ட்ரானைப் பிடுங்கும், தடை இறங்கும். முட்டை லாரி இன்ஜினை அணைக்காமல் வாசலில் நிற்கும்போதெல்லாம் ரீடிங் இறங்குவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ராத்திரி ரீடிங். கீழ்க் கூண்டில் கோழியின் தலை உயரத்துக்கு மாட்டினேன். மழைக்குப் படுதாவை முழுக்க இறக்கிவிட்ட ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு 31 பிபிஎம் காட்டியது, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 31 பங்கு அம்மோனியா. 25ஐத் தாண்டினாலே கோழிக்குக் கண்ணும் மூச்சும் கெடும், வேலை செய்கிற ஆளுக்கும் ஆகாது. எழுந்து போய் மேல் பக்கம் ஒரு முழம் திறந்துவிட்டேன், விடிவதற்குள் 14. மூன்றாவது வரிசையில் மட்டும் பகலிலும் குறையவே இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தால் கோழி தண்ணீர் குடிக்கிற ஒரு நிப்பிள் சொட்டிக்கொண்டே இருந்து கீழே எரு சேறாகிக் கிடக்கிறது. அதை மாற்றின பிறகு நாலு நாளில் அந்த வரிசையும் அடங்கிவிட்டது. மூக்கை நம்பியிருந்தால் அந்த நிப்பிள் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்.

சரி, குறைக்கு வருகிறேன். பங்குனி வெயிலில் ஷெட் குளிர்வதற்காகத் தண்ணீரைப் பனி மாதிரி தெளிக்கிற ஃபாகர் போட்டோம், போட்ட அஞ்சாவது நிமிஷம் ரீடிங் 40க்கு எகிறியது. பயந்துபோய் எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன். கடைசியில் பார்த்தால் அது அம்மோனியா இல்லை, தண்ணீர் ஆவி. ஈரமும் அதே கிராஃபீனில்தான் போய் ஒட்டுகிறது. விற்றவர்களுக்குப் போன் பண்ணினால், "ஆமாங்க சார், ஈரப்பதம் பார்த்துக் கழிச்சுக்கணும்" என்கிறார்கள். விற்கும்போதே சொல்ல வேண்டிய விஷயம் இல்லையா அது? கோழிப்பண்ணைக்கு என்று விற்கிற பொருள், வெயில் காலத்தில் ஃபாகர் ஓடாத ஷெட் எங்கே இருக்கிறது?

அப்புறம், எரு வாரின பிறகு காற்று சுத்தமானாலும் ரீடிங் இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஒட்டின வாயு தானாக விட்டுப் போக நேரம் எடுக்கும். உள்ளேயே சின்ன ஹீட்டர் வைத்த மாடலில் சீக்கிரம் விடும், விலை கூட.

வாங்கலாமா என்றால், வாங்குங்கள். ஆனால் ஈரப்பதம் பார்க்கிற சென்சாரும் ஹீட்டரும் சேர்ந்த மாடலாகப் பாருங்கள். ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறாமல் ஒரு ராத்திரி முழுக்க எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள்.

அடுத்து அப்படி ஒன்றை ரோட்டோர வேலியில் மாட்டப் போகிறேன், அக்கா வீட்டுப் பக்கம். ரீடிங் அவர் போனிலும் தெரிகிற மாதிரி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.