இணையத்தளத்துக்குத் தமிழ் எழுத்துருத் தொகுப்பு வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

“இணையத்தளத்துக்கான 400 தமிழ் எழுத்துருக்கள், வாழ்நாள் உரிமம், 89 வெள்ளி மட்டும்.” சிங்கப்பூரில் தளம் வடிவமைக்கிறவர்கள் இருக்கும் குழுக்களில் இப்படி ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவன் சொல்கிறேன், வாங்காதீர்கள்.

தேக்கா பக்கம் சேலைக் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்குத் தளம் செய்துகொண்டிருந்தேன். தீபாவளி விற்பனைக்கு முன்னால் முடிய வேண்டும். தலைப்புகளுக்குக் கொஞ்சம் அலங்காரமான எழுத்து வேண்டும் என்றார். விளம்பரத்தில் இருந்த மாதிரிகள் அழகாகத்தான் இருந்தன. கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் வழியாகப் பணம் போனது, ஸிப் கோப்பு வந்தது.

முதல் எழுத்துருவைத் தளத்தில் ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. இரண்டாவதும் அப்படியே. திறந்து பார்த்தால், தொகுப்பில் பெரும்பாலானவை பாமினி என்ற பழைய எழுத்துருவின் காலத்துச் சரக்கு. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்று தனி இடம் உண்டு. இந்தப் பழைய எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிய வேண்டுமானால் உண்மையில் தட்டுவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தெரிவதும் அதுதான். அச்சகத்தில் அழைப்பிதழ் அடிக்கிறவர்கள் இன்றும் இவற்றை வைத்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விளம்பரக்காரர் விற்றது ‘இணையத்தளத்துக்கு’ என்று சொல்லி.

அவரிடம் கேட்டதற்கு, “உள்ளேயே கன்வர்ட்டர் இருக்கு பிரதர், டெக்ஸ்டை அதுல மாத்திப் போடுங்க, சூப்பரா வரும்” என்றார். சூப்பராகத்தான் வரும், பக்கத்துக்குள் மட்டும். ஒரு சோதனைப் பக்கம் செய்து அவருக்கே காட்டினேன். உலாவியின் மேலே உள்ள தாவலில் கடையின் பெயர் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கிறது. சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முன்னோட்டத்திலும் அதே கிறுக்கல். அங்கெல்லாம் நாம் ஏற்றிய எழுத்துரு செல்லுபடியாகாது. கூகலில் ‘பட்டுச்சேலை’ என்று தேடுகிறவர் கண்ணில் இந்தப் பக்கம் படாது, ஏனென்றால் பக்கத்தில் அந்தச் சொல்லே இல்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் கிடைப்பது பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். “டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது” என்று ஒரு வரி வந்தது. அத்தோடு என்னை பிளாக் செய்துவிட்டார்.

சரி, மிச்சமிருந்த யூனிகோடு எழுத்துருக்களாவது உதவுமா என்று பார்த்தேன். ஃபான்ட்டிராப் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது. எழுத்துருக் கோப்பை அதில் இழுத்துப் போட்டால் உள்ளே பதிந்திருக்கும் பெயர், காப்புரிமை வரி, உரிமக் குறிப்பு எல்லாம் தெரியும். ‘மயூரி’ என்று கோப்புக்குப் பெயர் வைத்திருந்தார். உள்ளே இருந்தது பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரன். கூகலின் எழுத்துருத் தளமான கூகல் ஃபான்ட்ஸில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் வணிகத் தளங்களில் பயன்படுத்தவும் அனுமதிக்கிறது, ஆனால் எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது என்கிறது. அதைத்தான் இவர் விற்றிருக்கிறார். இதைவிட மோசம், இன்னும் சில கோப்புகளில் ஒரு நிறுவனத்தின் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்ற வரி அப்படியே இருந்தது. திருட்டுப் பிரதி. தளத்தில் போட்ட பிறகு உரிமையாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அக்காவும் நானும்தான். அந்த ‘வாழ்நாள் உரிமம்’ பிடிஎஃப் செல்லாக்காசு.

பணத்தைத் திரும்பப் பெறும் வழியும் பார்த்தேன். நானே அனுப்பிய பணம் என்பதால் வங்கி கைவிரித்துவிட்டது. சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளைம்ஸ் டிரிப்யூனலில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டுமே? என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண். பதிவு செய்த நிறுவனமாக இருந்தால் பெரும்பாலும் நிறுவனப் பதிவு எண்ணான யுஇஎன்னுக்கே பேநவ் வழியாகப் பணம் கேட்பார்கள், அந்த எண்ணை நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், மாதிரிப் படம் காட்டுகிறவரிடம் அந்த எழுத்துரு ஓடுகிற தளத்தின் சுட்டியைக் கேளுங்கள். அதில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் யூனிகோடு. இந்த ஆசாமியின் விளம்பரத்தில் எல்லாமே படங்கள், ஒரு சுட்டிகூட இல்லை.

அக்காவின் தளத்துக்குக் கடைசியில் கூகல் ஃபான்ட்ஸிலிருந்தே எடுத்தேன். தலைப்புக்கு பலூ தம்பி 2, மற்றதுக்கு முக்தா மலர். கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் கவிவனார், ஒல்லியாகவும் அகலமாகவும் ஒரே குடும்பத்தில் வேண்டுமென்றால் அனெக் தமிழ். செலவு ஒரு காசு இல்லை. தளம் தீபாவளிக்கு முன்னாலேயே ஏறிவிட்டது.

குழு நிர்வாகியிடம் புகார் சொன்னதும் விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது வேறு பெயரில், ‘திருமண இணைய அழைப்பிதழ் எழுத்துருக்கள்’ என்று அதே மாதிரிப் படங்களோடு வந்திருக்கிறது. விலை 59 வெள்ளியாகக் குறைந்திருக்கிறது.