கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு: ட்ரூநாஸ் ரெப்ளிகேஷன் தாங்குமா?

வன்னியில் ஒரு கூட்டுறவுச் சங்கமோ தனியார் வைத்தியசாலையோ தன் கணக்குகளின் பிரதியை இன்னோர் ஊரில் வைத்திருக்க, பெரிய கொம்பனிகளின் விலைகூடிய ஸ்டோரேஜ் கட்டாயமில்லை. ஸ்டோரேஜ் சேவருக்கான மென்பொருளான ட்ரூநாஸின் இலவசப் பதிப்பில் இருக்கும் ரெப்ளிகேஷனே, அதாவது டேட்டாவை இன்னொரு சேவருக்குப் பிரதிசெய்யும் வசதியே, போதும். போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு மட்டும் இது சரிவராது.

முதலில் இடம். கிளிநொச்சியில் முதல் சேவர் இருந்தால் இரண்டாவதைப் பக்கத்துப் பரந்தனில் வைப்பது வீண். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களும் சேர்ந்தே வெள்ளத்தில் மாட்டின. வவுனியா, அந்தக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு தொடங்கும் பக்கம். ஏ9 வழியே ஏறத்தாழ 80 கிலோமீற்றர். வெள்ளத்துக்கு அந்தத் தூரம் போதும். மின்சாரம் இரண்டு ஊருக்கும் ஒரே தேசிய மின்கட்டமைப்பிலிருந்துதான் வருகிறது. ஆகவே இரண்டு பக்கமும் யூபிஎஸ் வேண்டும். கரண்ட் வந்ததும் சேவர் தானாக எழும்பும்படி பயோஸில் மாற்றி வைக்கவும் வேண்டும்.

வேலை நடக்கும் விதம் எளிது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால், அந்தக் கணத்தில் டேட்டா இருந்த நிலையைப் பதியும் ஸ்னப்ஷொட் எடுபடும். முந்தைய ஸ்னப்ஷொட்டுக்குப் பிறகு மாறிய புளொக்குகள் மட்டும் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக மற்றப் பக்கம் போகும். கிளிநொச்சியில் எழுதும் மென்பொருள் வவுனியாவின் பதிலுக்குக் காத்திருக்காது; அதனால் லைன் மெதுவானாலும் கவுண்டரில் வேலை தடங்காது. இதற்குக் கொடுக்கும் விலை, கடைசி இடைவெளியில் எழுதியது போய்விடலாம் என்பது. செக்கனுக்கு 10 மெகாபிட் அப்லோட் என்றால் மணித்தியாலத்துக்கு 4.5 ஜிகாபைட் போகும். கால் மணிக்கு 190 மெகாபைட் மாறும் அலுவலகத்தில் அதை அனுப்ப இரண்டரை நிமிடம். ஆக, மோசமான நேரத்தில் இழப்பது 18 நிமிட வேலைக்கு உட்பட்டது. மாதமுடிவில் மணிக்கு 5 ஜிகாபைட் எழுதினால் வவுனியா பின்தங்கத் தொடங்கும்.

அதே லைனில் முதல் பிரதியாக 2 டெராபைட்டை அனுப்பினால் 18 நாளுக்கு மேல் இழுக்கும். இரண்டாவது சேவரைக் கிளிநொச்சிக்கே கொண்டுவந்து ஜிகாபிட் கேபிளில் கொடுத்தால் ஐந்து மணித்தியாலத்தில் முடியும். பிறகு டிஸ்க்குகளைக் கழற்றி, தனித்தனியே பொதிசெய்து ஏற்ற வேண்டும். வவுனியாவில் பூட்டியபின் எஸ்எஸ்எச் இணைப்பின் முகவரியை மட்டும் மாற்றினால் போதும், அனுப்பலுக்காக அமைத்த ரெப்ளிகேஷன் டாஸ்க் அப்படியே இருக்கட்டும்.

இப்போது உண்மையான ஆபத்து. இரண்டு பக்கமும் பொதுவான ஒரு ஸ்னப்ஷொட் இருந்தால்தான் மாற்றங்களை மட்டும் அனுப்ப முடியும். ஸ்னப்ஷொட்டின் ஆயுள் வழமையாக 2 கிழமை என்றே வருகிறது. லைன் அதைவிடக் கூடுதலாகச் செத்துக் கிடந்தால் பொது ஸ்னப்ஷொட் கிளிநொச்சியில் அழிந்துவிடும். பிறகு 2 டெராபைட்டும் முதலிலிருந்து. ‘சேவ் பெண்டிங் ஸ்னப்ஷொட்ஸ்’ என்ற தெரிவு இதைத் தடுக்கும், ஆனால் பூல், அதாவது டிஸ்க்குகள் சேர்ந்த சேமிப்பிடம், நிரம்பிக்கொண்டே போகும். 80 வீதத்தைத் தாண்டவிடக் கூடாது. ‘ரெப்ளிகேஷன் ஃப்ரொம் ஸ்க்ராட்ச்’ என்ற பெட்டியில் சரி போடவே வேண்டாம். பொது ஸ்னப்ஷொட் இல்லையென்றால் அது வவுனியாவில் இருக்கும் பழைய ஸ்னப்ஷொட்டுகளை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கும். நல்ல பிரதி கையில் இல்லாமல் நாட்கணக்கில் இருக்க நேரும். பெட்டி வெறுமையாக இருந்தால் டாஸ்க் பிழை சொல்லி நிற்கும். அதுதான் நல்லது.

வவுனியாவில் ஸ்னப்ஷொட்டின் ஆயுளை ‘கஸ்டம்’ ஆக்கி மூன்று மாதம் வையுங்கள். பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் குழப்பிய பைல்களும் கால் மணிக்குள் மறுபக்கம் போகத் தொடங்கிவிடும். பழைய ஸ்னப்ஷொட்தான் காப்பாற்றும். வழமையாக 190 மெகாபைட் போகும் இடத்தில் திடீரென 20 ஜிகாபைட் வரிசையில் நின்றால் உடனே போய்ப் பாருங்கள்.

டேட்டாபேஸும் அதன் மாற்றங்களைப் பதியும் லொக் பைலும் வெவ்வேறு டேட்டாசெட்டில் (பூலுக்குள் பிரித்த பகுதியில்) இருந்தால் ஸ்னப்ஷொட்டை ‘ரிக்கர்சிவ்’ ஆக, அதாவது மேல் டேட்டாசெட்டிலிருந்து உள்ளே உள்ள எல்லாவற்றையும் ஒரே கணத்தில், எடுக்க வேண்டும். தனித்தனியே எடுத்தால் இரண்டும் வெவ்வேறு கணத்தைக் காட்டும், மீட்கும்போது டேட்டாபேஸ் திறக்காது.

4ஜி லைனில் பெரும்பாலும் வெளியிலிருந்து எட்டக்கூடிய ஐபி கிடைக்காது. நிலையான ஐபி உள்ள பக்கத்துக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டு, இணைப்பை உயிரோடு வைக்கும் கீப்அலைவை 25 செக்கனில் வையுங்கள். லொகின் சரியாகி, அனுப்பத் தொடங்கியதும் உறைந்துவிட்டால் ஒரு பக்கெற்றின் உச்ச அளவான எம்டியூவை 1420இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம். கரண்ட் போய் நடுவில் அறுந்த அனுப்பல் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. நம் ஊருக்கு இந்த ஒன்றுக்காகவே இதை எடுக்கலாம்.

குறைகளும் சிறியவை அல்ல. முதல் சேவர் விழுந்தால் இரண்டாவதற்குத் தானாக மாறும் வசதி இல்லை. ஷெயார்களும் பாவனையாளர்களும் டேட்டாவோடு போவதில்லை. கொன்ஃபிக் பைலை, கடவுச்சொற்களைத் திறக்கத் தேவையான ‘சீக்ரெட் சீட்’ சாவியையும் சேர்த்து, தனியே இறக்கி வைக்க வேண்டும். அவசரத்தில் டாஸ்க்கை நிறுத்தி, எழுதவிடாத ரீட்-ஒன்லி நிலையை எடுத்து, ஷெயார் உருவாக்கி, சேவரின் பெயர் எந்த முகவரிக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸை மாற்றுவது எல்லாம் கைவேலைதான். ஒத்திகைக்கு ஸ்னப்ஷொட்டை குளோன் செய்து அதில் டேட்டாபேஸைத் திறந்து பார்க்கலாம், ரெப்ளிகேஷன் குழம்பாது.

கிளிநொச்சிக்குத் திரும்பும்போது இன்னொன்று. வவுனியாவிலிருந்து எதிர்த்திசையில் அனுப்பினால் பழைய சேவர் பொது ஸ்னப்ஷொட்டின் நிலைக்கே பின்வாங்கும் (ரோல்பேக்), அதன்பின் அங்கே எழுதப்பட்டிருந்த அந்தப் 18 நிமிடமும் அழியும். அதற்குமுன் அங்கே புதிய ஸ்னப்ஷொட் ஒன்று எடுத்து, அதை வேறு பூலுக்கோ வெளி டிஸ்க்குக்கோ பிரதிசெய்து வைத்தால், விடுபட்ட பற்றுச்சீட்டுகளைக் கையால் ஏற்றிக்கொள்ளலாம்.