“ஒரே நாளில் இயற்கைச் சடைமுடி” என்று சொல்லும் கடைகளிடம் கவனமாக இருங்கள்

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் டிரெட்லாக்ஸ் (சடைமுடி) வைக்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் இதைப் படித்துவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள். (2007-லேயே ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. தோட்டத்து ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.)

“இயற்கை முறை, ஒரே நாள், கேரண்டி” என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்த ஒரு சலூனுக்கு 480 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். 300 வெள்ளி சடை போட, மீதி 180 ஆறு மாதப் பராமரிப்பு பெக்கேஜுக்கு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். என் முடி நீளம் போதாது, நுனியில் அசல் மனித முடி சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். அந்த விலையில் அதுவும் அடக்கம்.

அவர்கள் செய்தது இவ்வளவுதான். முடியைப் பாகம் பிரித்து, சீப்பால் பின்பக்கமாகக் கொஞ்சம் சிக்காக்கி, டின்னில் இருந்த வேக்ஸை அள்ளித் தடவி உள்ளங்கையில் உருட்டினார்கள். வேரில் இறுக்கி முறுக்கி ரப்பர் பேண்டு போட்டார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. “மூணு மாசம் தலைக்குத் தண்ணி காட்டாதீங்க” என்று சொல்லி அனுப்பினார்கள்.

எனக்குச் செம்பனை ஆலையில் வேலை. உள்ளே கொதிகலன் சூடு, தலையில் ஹெல்மெட், வெளியே வந்தால் சாயங்கால மழை. வேக்ஸ் தண்ணீரில் கரையாது. வியர்வையும் தூசியும் அதில் ஒட்டிக்கொண்டன, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. சில வாரங்களில் காயாத துணியைப் போல ஒரு வாடை. நெற்றியோரம் இழுத்து இழுத்துச் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம் வந்தது. அந்த இழுப்பு நீடித்தால் ஓரத்து முடி கொட்டி, சில பேருக்குத் திரும்ப முளைக்காமலே போய்விடும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். “உங்க முடி ரொம்ப வழவழப்பு, இன்னொரு கோட் வேக்ஸ் போடணும், அதுக்குத் தனிக் காசு” என்றார்கள். அப்படியானால் பெக்கேஜ் எதற்கு? அது வேர் இறுக்க மட்டுமாம். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வாட்சாப்பில் பிளாக் செய்துவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு அக்கா சொந்தமாகவே சடை வளர்த்து வைத்திருக்கிறார். அவர்தான் உட்கார்ந்து வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு என் முடியை விடுவித்தார். சேர்த்த நுனியில் ஒரு துண்டை வெட்டி நெருப்பில் காட்டச் சொன்னார். மனித முடி பொசுங்கும், விரலால் தேய்த்தால் சாம்பலாகும். இது பிளாஸ்டிக் வாடையோடு உருகி, கெட்டி மணியாக உறைந்தது. அசல் முடி என்று சொல்லி நைலான் மாதிரி ஏதோ ஒரு செயற்கை இழையை விற்றிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான்.

“சடை பிடிக்க அழுக்கு தேவையில்ல தம்பி, சுத்தமான முடிதான் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும்” என்றார் அக்கா. யோசித்தால் விஷயம் எளிது. நம் தலையிலிருந்து தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்கிறது. சீவாமல் விட்டால் அது கீழே விழாமல் வளரும் முடியோடு சிக்கிக்கொள்கிறது. அந்தச் சிக்கு மாதக் கணக்கில் இறுகித்தான் சடையாகிறது. சுருட்டை முடிக்குச் சீக்கிரம் பிடிக்கும். நம்மில் பலருக்கு இருக்கும் நேர்முடி வழுக்கிக்கொண்டு போகும், நன்றாக முதிர ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும். நடுவில் முடி பறக்கும், வளையம் வளையமாக வெளியே நீட்டும், சுருங்கி நீளம் குறைந்தது போலத் தெரியும். அதெல்லாம் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். இந்தக் கட்டத்தில் நமக்கு வரும் பயத்தைத்தான் இவர்கள் பெக்கேஜ் போட்டு விற்கிறார்கள்.

அக்கா வாரம் இரண்டு முறை, முடியில் பிசுக்கு தங்கவிடாத ஷாம்பு போட்டு நன்றாக அலசுகிறார். கண்டிஷனர் கிடையாது. காலையில்தான் குளிப்பார், ஈரத்தோடு படுக்கவே மாட்டார். நம் ஊர்ப் புழுக்கத்தில் சடைக்குள் பூசணம் பிடிக்க அந்த ஈரம் போதும். குளித்த பிறகு பக்கத்துப் பக்கத்துச் சடைகள் வேரில் ஒட்டிப் போகாமல் கையால் பிரித்து விடுகிறார். இதற்கெல்லாம் சலூன் தேவையே இல்லை. கடைக்குப் போய்த்தான் தொடங்குவேன் என்றால், வேக்ஸ் போடுவீர்களா, எப்போது தலை குளிக்கலாம் என்று முதலில் கேளுங்கள். குளிக்காதே என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முடி சேர்ப்பதாகச் சொன்னால் பணம் கட்டும் முன் ஒரு இழையை வாங்கி எரித்துப் பாருங்கள். ரசீதில் ‘மனித முடி’ என்று எழுதி வாங்குங்கள். என் ரசீதில் அது எழுதியிருப்பது இப்போது எனக்கு உதவுகிறது.

அந்த ரசீதோடு பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம், ஆனால் மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீது, விளம்பரப் படம், வாட்சாப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். மனு பாரத்தை (படிவத்தை) நிரப்பத் தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நான் நிரப்பியதைக் காட்டுகிறேன்.